காவிரிப் படுகையில் தொழிலாளர், ஓய்வூதிய வழக்கறிஞராக விரும்புவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கும்பகோணத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தொழிலாளர் வழக்குகளையும் ஓய்வூதிய வழக்குகளையும் நடத்தி வருகிறேன். கோடை விடுமுறை தோறும் சட்ட மாணவர்கள் சிலர் அலுவலகத்துக்கு வருவார்கள். சில நேரம் அவர்களுடைய பெற்றோரும் உடன் வருவார்கள். இத்துறையைப் பற்றி அவர்கள் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகளாகவே இருப்பதால், அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே எழுதி, இயன்ற அளவு பதிலும் தந்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலிலும், சிக்கலானவை பின்னாலும் வருகின்றன.

வக்கீல், அட்வகேட், பாரிஸ்டர்னு மூணு பேர் சொல்றாங்க. தொழிலாளர் கேஸ் நடத்தத் தனியா ஏதாவது படிக்கணுமா சார்?

1961 ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின்படி நம் நாட்டில் வழக்கறிஞர் என்ற ஒரே வகுப்பினர்தான் இருக்கிறார்கள். ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்போ, பட்டப்படிப்புக்குப் பின் மூன்றாண்டுப் படிப்போ முடித்து, தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலில் பதிவு செய்துகொண்டு, அகில இந்திய பார் தேர்வில் தேறினால் எந்த வழக்கையும் நடத்தலாம். தொழிலாளர் சட்டத்தில் முதுநிலைப் பட்டமோ பட்டயமோ பெற்றிருப்பது நல்லது. ஆனால் அது கட்டாயம் அன்று.

நம் பகுதிப் பிள்ளைகளுக்குத் திருச்சி அரசு சட்டக் கல்லூரியும், அதே ஊரில் உள்ள தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகமும் எட்டும் தூரத்தில் இருக்கின்றன. பதிவுக் கட்டணம் பல்லாயிரம் ஆகுமே என்று தயங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். சட்டத்தில் சொன்ன 750 ரூபாய்க்கு மேல் (பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய்க்கு மேல்) பதிவுக்கென்று வாங்கக் கூடாது என உச்ச நீதிமன்றம் 2024 ஜூலை 30 அன்று தீர்ப்பளித்திருப்பதை அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

லண்டன் போய் பாரிஸ்டர் முடிச்சுட்டு வந்தா இங்க நேரா கோர்ட்டுக்குப் போயிடலாமா?

போக முடியாது. இங்கிலாந்தில் கட்சிக்காரரை நேரில் கவனிக்கும் சொலிசிட்டரும், மன்றத்தில் நின்று வாதிடும் பாரிஸ்டரும் வெவ்வேறு தொழிலினர். அங்கே பாரிஸ்டராக விரும்புபவர் இன் எனப்படும் நான்கு பாரிஸ்டர் சங்கங்களில் ஒன்றில் சேர்ந்து, பயிற்சி முடித்து, பின்னர் ஓராண்டுக் காலம் மூத்தவர் ஒருவரின் கீழ்ப் பயில வேண்டும். பாரிஸ்டர் தகுதியை மட்டும் காட்டி இங்கே வழக்கறிஞராகப் பதிவு செய்துகொள்ளும் வாய்ப்பு, 1976 டிசம்பர் 31க்குள் பாரிஸ்டராக அழைக்கப்பட்டவர்களோடு முடிந்துவிட்டது. இன்று வெளிநாட்டுச் சட்டப் பட்டம் பெற்று வருபவர், அந்தப் பட்டம் இந்திய பார் கவுன்சிலால் ஏற்கப்பட்டதாக இருந்து, அது நடத்தும் தேர்விலும் தேற வேண்டும்.

நம் பகுதியில் பாரிஸ்டர் என்ற சொல்லுக்கு இன்னும் ஒரு மதிப்பு இருக்கிறது. திருச்சி வரகனேரியைச் சேர்ந்த வ.வே.சு. ஐயர் லிங்கன்ஸ் இன்னில் படிப்பை முடித்தும், ஆங்கிலேய அரசுக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்து அந்தப் பட்டத்தைத் துறந்த செய்தியும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

டெல்டாவுல விவசாயம்தானே சார் இருக்கு? ஃபேக்டரியே இல்லாத ஊர்ல தொழிலாளர் வழக்கு எங்கேருந்து வரும்?

இந்தக் கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறேன். வயலில் வேலை செய்பவருக்கும் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்ற போராட்டம் தமிழ்நாட்டில் வலுப்பெற்ற மண் இது. தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952இல் வந்தது. பண்ணையாளை மிராசுதார் நினைத்த மாத்திரத்தில் வெளியேற்றிவிட முடியாது என்ற நிலையை அது உண்டாக்கியது. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் நடந்த கொடுமைக்குப் பிறகு, 1969இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. இந்த இரண்டு சட்டங்களையும் நம் மாணவர்கள் பலர் தேர்வுக்குக்கூடப் படிப்பதில்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

இன்றைய நிலையைப் பாருங்கள். அரசுப் போக்குவரத்துக் கழகக் கோட்டம் ஒன்றின் தலைமையகம் கும்பகோணத்திலேயே இருக்கிறது. திருச்சிப் பக்கம் பொன்மலை ரயில்வே பணிமனையும் பெல் நிறுவனமும் உள்ளன. குறுவை அறுப்பிலும் சம்பா அறுப்பிலும் திறக்கப்படும் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் பட்டியல் எழுத்தர், உதவுபவர், காவலர், சுமை தூக்குபவர் என எத்தனையோ பேர் பருவகால ஊழியர்களாக இருக்கிறார்கள். அரிசி ஆலை, சர்க்கரை ஆலை, நாச்சியார்கோவில் விளக்குப் பட்டறை, வேதாரண்யம் உப்பளம், திருபுவனம் பட்டுத் தறி, கூட்டுறவுக் கடன் சங்கம், கோயில், தனியார் பள்ளி, நகராட்சித் தூய்மைப் பணி ஆகிய ஒவ்வொன்றிலிருந்தும் வழக்குகள் வருகின்றன. இவற்றோடு ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், கிராம உதவியாளர்கள், சத்துணவு ஊழியர்கள், அவர்களுடைய மனைவியர் ஆகியோரின் ஓய்வூதிய வழக்குகளும் சேர்ந்தால், ஒரு வழக்கறிஞர் வாழ்நாள் முழுவதும் செய்தாலும் தீராத வேலை இங்கே இருக்கிறது.

சேர்ந்த புதுசுல வருமானம் இருக்காதுன்னு சொல்றாங்க. மூணு வருஷம் எப்படித் தள்ளுறது?

முதல் மூன்று ஆண்டுகள் கடினமானவை. அதை மறைத்துச் சொல்வது உங்களை ஏமாற்றுவதாகும். சென்னை உயர் நீதிமன்றத்தின் அறிவுறுத்தலுக்குப் பின், 2024 ஜூனில் தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சில் ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. அதன்படி சென்னை, மதுரை, கோவை ஆகிய ஊர்களில் இளம் வழக்கறிஞருக்கு மாதம் 20,000 ரூபாயும், ஏனைய இடங்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்ச உதவித்தொகையாகத் தர வேண்டும். சீனியரிடம் சேரும் முன்பே இதைப் பற்றி நேராகப் பேசிவிடுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைக்க வேண்டியதில்லை. ஊதியச் சட்டம் நடத்தும் அலுவலகத்தில் ஊதியத்தைப் பற்றிப் பேசத் தயங்குவது பொருந்தாது.

உரிமையியல் வழக்குகளோடு ஒப்பிட்டால் இத்துறையில் கட்டணம் குறைவு. ஆனால் ஒரு பணிமனையில் ஒருவருக்குப் பணிக்கொடை (கிராஜுவிட்டி) வாங்கித் தந்தால், அடுத்த மாதம் அதே பணிமனையிலிருந்து நான்கு பேர் வருவார்கள். விளம்பரம் செய்ய அனுமதி இல்லாத நம் தொழிலில், கட்சிக்காரர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் ஒரு வார்த்தைதான் வருமானத்துக்கு வழி.

ஜூனியரா சேர்ந்தா முதல்ல என்ன வேலை கொடுப்பீங்க? ஆர்க்யூ பண்ண விடுவீங்களா?

முதல் ஆறு மாதம் நான் தாள்களைத்தான் கொடுப்பேன். பணிப்பதிவேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசித்து, பிறந்த தேதி, பணியில் சேர்ந்த தேதி, முறைப்படுத்தப்பட்ட தேதி, ஊதியமில்லா விடுப்பு, தண்டனை, ஊதிய நிர்ணயம் என ஒவ்வொன்றையும் தேதிவாரியாக ஒரு தாளில் எழுதி வர வேண்டும். எந்தப் பதிவின் கீழ் அலுவலரின் கையொப்பம் இல்லை, எந்தத் தேதி வேறு மையால் திருத்தப்பட்டிருக்கிறது என்பதையும் குறிக்க வேண்டும். ஓய்வூதிய வழக்கின் முடிவு பெரும்பாலும் இந்தத் தாளிலேயே தெரிந்துவிடும்.

ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். ஒரு நிறுவனத்தில் பல ஆண்டுகள் தினக்கூலியாக இரவுக் காவல் பார்த்த முதியவர் ஒருவர் வந்தார். வருகைப் பதிவேடு எதுவும் கிடையாது, அவர் எங்களிடம் வேலையே பார்க்கவில்லை என்றது நிர்வாகம். அவரோ ஒரு பழைய பிஸ்கட் டப்பாவைத் திறந்து, வாரச் சம்பளம் போட்டுக் கொடுத்த காக்கி நிற உறைகளை மேசையில் கொட்டினார். ஒவ்வொன்றிலும் வார முடிவுத் தேதியும், வேலை செய்த நாட்களும், தொகையும் பேனாவால் எழுதப்பட்டிருந்தன. சில உறைகளைப் பூச்சி அரித்திருந்தது. அன்று என்னிடம் ஜூனியராக இருந்த பெண் இரண்டு நாள் உட்கார்ந்து அவற்றை அடுக்கி, தொடர்ச்சியான 24 மாதங்களில் 511 நாட்கள் வேலை செய்ததைக் கணக்கிட்டுக் காட்டினார். 1981 ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டு நிரந்தரத் தகுதி வழங்கல் சட்டம் கேட்பது 24 மாதங்களில் 480 நாட்கள். உறைகளில் இருந்த கையெழுத்து தன் எழுத்தர் ஒருவருடையதுதான் என்பதைக் குறுக்கு விசாரணையில் நிர்வாகச் சாட்சியே ஒப்புக்கொண்டார். அந்தக் குறுக்கு விசாரணையைச் செய்ததும் அதே ஜூனியர்தான். ஆகவே வாதாட விடுவீர்களா என்ற கேள்விக்கு என் பதில், தாளை அறிந்தவரே வாதாடட்டும் என்பதுதான்.

பணிக்கொடைக் கணக்கும் பழக வேண்டும். கடைசி மாத அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்து 18,200 ரூபாய், பணிக்காலம் 24 ஆண்டுகள் என்று வைத்துக்கொள்வோம். 18,200ஐ 26ஆல் வகுத்தால் ஒரு நாள் ஊதியம் 700 ரூபாய். ஓராண்டுப் பணிக்கு 15 நாள் ஊதியம் என்றால் 10,500. அதை 24ஆல் பெருக்கினால் பணிக்கொடை 2,52,000 ரூபாய். 30ஆல் வகுத்துக் குறைத்துக் கொடுத்துவிட்டு, ரசீதில் கையெழுத்து வாங்கிக்கொள்ளும் நிர்வாகங்கள் இன்றும் உண்டு. முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன் என்ற அந்தக் கையெழுத்து, சட்டப்படி வரவேண்டிய மீதியைப் பறித்துவிடாது.

எந்த கேஸை எங்க போடுறதுன்னே தலை சுத்துது. ஒரு வழி சொல்லுங்களேன்.

முதலில் கட்சிக்காரர் யார், அவருடைய முதலாளி யார் என்று பாருங்கள். தனியார் நிறுவனம், மாநிலக் கழகம் ஆகியவற்றின் தொழிலாளி வேலையிலிருந்து நீக்கப்பட்டால், முதலில் தொழிலாளர் உதவி ஆணையரிடம் சமரசத் தாவா (தொழில் தகராறு மனு) எழுப்ப வேண்டும். சமரசம் முறிந்தால் அல்லது 45 நாட்கள் கடந்தால் தீர்ப்பு மன்றத்தை நாடலாம். நம் பகுதி வழக்குகளுக்காக நான் அதிகம் போய்வந்தது திருச்சித் தொழிலாளர் நீதிமன்றம். வங்கி, ரயில்வே போன்ற மத்திய அரசுத் துறைகளின் தொழில் தாவாக்கள் சென்னையிலுள்ள மத்திய அரசு தொழில் தீர்ப்பாயத்துக்குப் போகும். வருங்கால வைப்பு நிதி மேல்முறையீடுகளும் 2017க்குப் பிறகு அங்கேதான். பணிக்கொடைக்கு, கட்டுப்பாட்டு அதிகாரியாக அமரும் தொழிலாளர் துறை அலுவலரிடம் மனுச் செய்ய வேண்டும். மத்திய அரசு ஊழியரின் பணி விவகாரம் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்துக்கு உரியது. மாநில அரசு ஊழியருக்குத் தனித் தீர்ப்பாயம் 2006 முதல் இல்லை என்பதால், அவர் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுத் தாக்கல் செய்கிறார்.

இங்கேதான் நம் பகுதிக்கே உரிய ஒரு சிக்கல் வருகிறது. தஞ்சாவூர், திருச்சி மாவட்டங்கள் 2004 ஜூலையில் திறக்கப்பட்ட உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் எல்லைக்குள் வருகின்றன. திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்கள் சென்னையின் கீழேயே இருக்கின்றன. கும்பகோணத்து ஆசிரியர் மதுரைக்குப் போக வேண்டும். ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும் மயிலாடுதுறை ஆசிரியர் சென்னைக்குப் போக வேண்டும். கட்சிக்காரரின் வீடு ஒரு மாவட்டத்திலும், உத்தரவு பிறப்பித்த அலுவலகம் இன்னொரு மாவட்டத்திலும் இருந்தால், வழக்கின் காரணம் எங்கே எழுந்தது என்பதைக் கவனமாக மனுவில் எழுத வேண்டும். எழுதாவிட்டால் மனு எண்ணிடப்படாமலே திரும்பி வரும். இளையவர்களின் முதல் ரிட் மனு பெரும்பாலும் இந்தக் காரணத்துக்காகவே திரும்புகிறது.

லேபர் கோர்ட்ல வக்கீலே ஆஜராகக் கூடாதாமே? அப்புறம் நாம எதுக்கு?

பாதி உண்மை. 1947 ஆம் ஆண்டு தொழில் தாவாச் சட்டத்தின் (2025 நவம்பரில் இது புதிய தொகுப்புக்குள் அடங்கியது) 36ஆவது பிரிவின்படி, சமரச நடவடிக்கையில் வழக்கறிஞர் ஆஜராக முடியாது. தொழிலாளர் நீதிமன்றத்தில், எதிர்த் தரப்பு சம்மதித்து நீதிமன்றமும் அனுமதித்தால் ஆஜராகலாம். தொழிற்சங்க நிர்வாகிக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. அவர் வழக்கறிஞராகவே இருந்தாலும், சங்க நிர்வாகி என்ற முறையில் தடையின்றி ஆஜராகலாம் என்று பாரதீப் துறைமுக வழக்கில் உச்ச நீதிமன்றம் 1976இல் தெளிவுபடுத்தியது. நடைமுறையில் இரு தரப்பும் வழக்கறிஞர் வைத்துக்கொள்வதால் சம்மதம் எழுதப்படாமலே கிடைத்துவிடுகிறது.

இதனால் நீங்கள் கற்க வேண்டிய ஒன்று உண்டு. முப்பது ஆண்டு அனுபவமுள்ள சங்கச் செயலாளர் ஒருவரிடம் சமரசப் பேச்சின் நுணுக்கம் இருக்கும். உங்களிடம் அது இருக்காது. நான் ஜூனியராக இருந்தபோது என் சீனியர் என்னைச் சங்க அலுவலகத்துக்கு அனுப்பி, தாவா மனு எழுதப்படும்போது அருகில் உட்காரச் சொன்னார். நான் சட்டக் கல்லூரியில் கற்காததை அந்த மரப் பெஞ்சில் கற்றேன்.

நாலு புதுச் சட்டத் தொகுப்பு வந்தாச்சே. பழைய சட்டத்தைப் படிச்சு என்ன ஆகப் போகுது?

2019, 2020 ஆண்டுகளில் நிறைவேறிய நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்டன. ஊதியம், தொழிலுறவு, சமூகப் பாதுகாப்பு, பணியிடப் பாதுகாப்பு ஆகியவை அவற்றின் பொருள்கள். 29 மத்தியச் சட்டங்கள் அவற்றுக்குள் அடங்கின. ஊதியத்துக்கான வரையறை மாறியிருக்கிறது: படிகள் மொத்தத்தில் பாதிக்கு மேல் போனால், கூடுதலான பகுதி ஊதியமாகவே கருதப்படும். மேலே காட்டிய பணிக்கொடைக் கணக்கில் 18,200 என்ற எண்ணையே இது மாற்றிவிடலாம். குறித்த காலத்துக்கு நியமிக்கப்பட்டவருக்கு ஐந்தாண்டுக்குப் பதிலாக ஓராண்டுப் பணிக்கே பணிக்கொடை உண்டு. நீக்கப்பட்ட தொழிலாளி மன்றத்தை நாடும் காலக்கெடுவோ மூன்று ஆண்டிலிருந்து இரண்டாகக் குறைந்துள்ளது. இந்த ஒன்றை மறந்தால் கட்சிக்காரரின் வாழ்வே போய்விடும்.

ஆனாலும் பழையதைப் படித்தே ஆக வேண்டும். இன்று உங்கள் மேசைக்கு வரும் கட்டுகளில் பெரும்பாலானவை பழைய சட்டத்தின் கீழ் உரிமை எழுந்தவை. அது மட்டுமன்றி, தொழிலாளி என்றால் யார், உள்விசாரணை எப்படி நியாயமாக நடக்க வேண்டும், தண்டனை குற்றத்துக்குப் பொருந்துகிறதா என்பவற்றுக்கு எழுபது ஆண்டுகளாக நீதிமன்றங்கள் சொன்ன விளக்கங்களின் மேல்தான் புதிய தொகுப்புகளும் நிற்கின்றன. நிரந்தரத் தகுதிச் சட்டம் போன்ற மாநிலச் சட்டங்களையும் தனியே படிக்க வேண்டும்.

பென்ஷன் கவர்மெண்ட் பார்த்துக் கொடுக்கறதுதானே? அதுக்குக் கேஸ் போட முடியுமா?

இந்த எண்ணத்தோடு வரும் முதியவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் வலிக்கிறது. ஓய்வூதியம் ஒரு சொத்துரிமை என்று 1971இல் தேவகிநந்தன் பிரசாத் வழக்கிலும், அது கருணையோ நன்கொடையோ அன்று, செய்த பணிக்கான பயன் என்று 1982 டிசம்பர் 17இல் நகாரா வழக்கிலும் உச்ச நீதிமன்றம் கூறியது. அந்த நாளையே ஓய்வூதியர் நாளாகச் சங்கங்கள் கொண்டாடுகின்றன.

ஆனால் உரிமை என்பதால் எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று பொருளில்லை. ஓய்வூதியக் குறைவு மாதந்தோறும் தொடரும் தவறு என்பதால் வழக்கு ஏற்கப்படும். நிலுவைத் தொகையோ பொதுவாக வழக்குத் தொடுத்த நாளுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்கு மட்டுமே கிடைக்கும். 2008இல் தர்செம் சிங் வழக்கில் இது உறுதியானது. பத்து ஆண்டுகள் மனு மேல் மனுவாக எழுதிக்கொண்டிருந்தவர் ஏழு ஆண்டு நிலுவையை இழக்கிறார் என்பதை முதல் சந்திப்பிலேயே அவரிடம் எடுத்துச் சொல்லிவிட வேண்டும்.

ஓய்வு பெற்ற பிறகு, தப்பா அதிகம் கொடுத்துட்டோம், திருப்பிக் கட்டுன்னு நோட்டீஸ் வருதே, கட்டியே ஆகணுமா?

2014 டிசம்பர் 18 அன்று ரஃபீக் மசீ வழக்கில், அடிநிலை, கடைநிலைப் பிரிவு ஊழியர்களிடமிருந்தும், ஓய்வு பெற்றவர்களிடமிருந்தும், ஓராண்டுக்குள் ஓய்வு பெறப் போகிறவர்களிடமிருந்தும், ஐந்தாண்டுக்கு மேல் கொடுத்துவந்த மிகைத் தொகையையும் பிடித்தம் செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் வகுத்தது. ஊழியர் பொய் சொல்லியோ மோசடி செய்தோ பெற்ற தொகைக்கு இந்தப் பாதுகாப்பு பொருந்தாது. மிகையாகத் தந்தால் திருப்பித் தருவேன் என்று ஊதிய நிர்ணயத்தின்போது எழுதிக் கொடுத்திருந்தால் வாதம் கடினமாகும். ஆகவே பணிப்பதிவேட்டோடு அந்த உறுதிமொழித் தாள் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

சி.பி.எஸ்., பழைய பென்ஷன், பி.எஃப். பென்ஷன்... ஒண்ணுமே புரியல. எதுலேருந்து ஆரம்பிக்கிறது?

பணியில் சேர்ந்த தேதியிலிருந்து ஆரம்பியுங்கள். தமிழ்நாடு அரசுப் பணியில் 2003 ஏப்ரல் 1க்கு முன் சேர்ந்தவருக்கு 1978 ஆம் ஆண்டு ஓய்வூதிய விதிகள் பொருந்தும். அன்றோ அதன் பின்னோ சேர்ந்தவர் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்துக்குள் (சி.பி.எஸ்.) கொண்டுவரப்பட்டார். மத்திய அரசில் அந்தத் தேதி 2004 ஜனவரி 1. தொகுப்பூதியத்திலோ தினக்கூலியிலோ இருந்து பிறகு நிரந்தரமானவர் என்றால், நிரந்தரமான தேதி 2003 ஏப்ரலுக்கு முந்தையதா என்று பாருங்கள். முந்தையது என்றால் முன்பணிக் காலத்தில் பாதியைத் தகுதிப் பணியில் சேர்க்கக் கேட்கலாம். பல குடும்பங்களின் ஓய்வூதியம் இந்தப் பாதிக் கணக்கில்தான் அதற்கு வேண்டிய பத்து ஆண்டைத் தொடுகிறது.

தனியார் துறையில் 1995 நவம்பர் 16 முதல் நடைமுறையிலுள்ள ஊழியர் ஓய்வூதியத் திட்டம் (பி.எஃப். பென்ஷன்) பொருந்தும். பத்து ஆண்டுப் பணி, 58 வயது, 2014 செப்டம்பர் முதல் 15,000 ரூபாய் ஊதிய வரம்பு, குறைந்தபட்ச ஓய்வூதியம் 1,000 ரூபாய் ஆகியவை மனப்பாடமாக இருக்க வேண்டும். முழு ஊதியத்துக்கும் ஓய்வூதியம் கேட்போருக்கு உச்ச நீதிமன்றத்தின் 2022 நவம்பர் 4 தீர்ப்பு வழி திறந்தது. அந்த வழியில் போனவர் பழைய பங்குத் தொகையை வட்டியோடு கட்ட வேண்டியிருப்பதால், கட்சிக்காரருக்கு அது இலாபமா என்று கணக்குப் போட்டுச் சொல்வதும் நம் வேலைதான்.

ஜெயிச்சா பத்து பர்சன்ட் தரேன்னு கட்சிக்காரரே சொல்றாரு. வாங்கிக்கலாமா?

கூடாது. வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதையும், கிடைக்கும் தொகையில் பங்கு கொள்வதையும் பார் கவுன்சில் விதிகள் தடை செய்கின்றன. நம் பகுதியில் இந்தப் பேச்சு மிகச் சாதாரணமாக எழுவதால் திட்டமாகச் சொல்கிறேன். கையில் காசில்லாத கட்சிக்காரரிடம் சிறு தொகையாகத் தவணையில் வாங்குங்கள். அதுவும் முடியாதென்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு அனுப்புங்கள். மீள்பணி (நீக்கப்பட்ட வேலை மீண்டும்) கிடைத்த பின் அவராக மகிழ்ந்து கொண்டுவரும் வாழைத்தாருக்கும் பேரம் பேசிய பத்து விழுக்காட்டுக்கும் உள்ள வேறுபாட்டை நீங்களே உணர்வீர்கள்.

நிர்வாகத் தரப்புக்கும் தொழிலாளி தரப்புக்கும் ரெண்டுக்கும் ஆஜராகலாமா சார்?

சட்டம் தடுக்கவில்லை, ஒரே நிறுவனத்தின் இரு பக்கமும் நிற்பதுதான் தவறு. நான் பெரும்பாலும் தொழிலாளர் தரப்பில் நிற்பவன் என்றாலும், சிறிய பட்டறை முதலாளிகளுக்கும் ஆஜராகியிருக்கிறேன். ஆறு பேரை வைத்துப் பட்டறை நடத்துபவர், கோபத்தில் ஒருவரை வாய்ச்சொல்லால் நிறுத்திவிட்டு வந்து நிற்கும்போது, குற்றச்சாட்டுக் குறிப்பாணை, விளக்கம், விசாரணை என்ற முறையைச் சொல்லித் தருவது தொழிலாளிக்கும் நன்மைதான்.

தறி நெய்யறவர், உப்பு வாருறவர், ஸ்கூல் டீச்சர் இவங்கள்லாம் சட்டப்படி தொழிலாளியா?

இத்துறையின் மிகச் சுவையான கேள்வி இது. குஜராத் உப்பளங்களில் துண்டு நிலத்தில் உப்பு விளைவித்து, எடைக்கு இவ்வளவு என்று கூலி பெற்றவர்கள் தாங்கள் தொழிலாளர்களே என்று வழக்காடினார்கள். துணைக்கு ஆள் வைத்துக்கொள்ளும் உரிமை அவர்களுக்கு இருந்தும், வேலை செய்யும் முறையை நிறுவனமே மேற்பார்வையிட்டது என்பதைப் பார்த்து உச்ச நீதிமன்றம் அவர்களைத் தொழிலாளர் என்றது. இதுவே தாராங்கதாரா ரசாயன ஆலை வழக்கு; 1957 ஆம் ஆண்டுத் தொகுப்பில் உள்ளது. வேதாரண்யத்து உப்பளத் தொழிலாளிக்காக வாதாடும்போது நான் முதலில் எடுப்பது இந்தத் தீர்ப்பைத்தான். 1973இல் துண்டுக் கூலித் தையற்காரர்களுக்கும் இதே பார்வை விரிந்தது. திருபுவனத்தில் கூட்டுறவுச் சங்கத்தின் உறுப்பினராக, சொந்த வீட்டில், சொந்தத் தறியில் நெய்பவரின் நிலை வேறு. அவர் சங்கத்தின் உரிமையாளர்களில் ஒருவர் என்ற எதிர்வாதம் வரும். தனியாரிடம் பாவும் சரிகையும் வாங்கிக் கூலிக்கு நெய்பவருக்கு வாதம் அதைவிட வலுவானது. ஆகவே நெசவாளி தொழிலாளியா என்று பொதுவாகக் கேட்காமல், தறி யாருடையது, நூல் யாருடையது, கெட்டுப்போன சேலையைத் திருப்பி அனுப்பும் அதிகாரம் யாருக்கு என்று கேளுங்கள்.

ஆசிரியர் தொழில் தாவாச் சட்டப்படி தொழிலாளி அல்லர் என்று 1988இல் சுந்தராம்பாள் வழக்கில் முடிவானது. ஆனால் பணிக்கொடை அவருக்கு உண்டு: 2009 திருத்தம் 1997 ஏப்ரல் 3 முதல் முன்தேதியிட்டு அதை வழங்கியது, 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்தத் திருத்தத்தை உறுதி செய்தது. நம் ஊர்களின் தனியார் பள்ளிகளில் இருபது ஆண்டு பாடம் நடத்திவிட்டு ஒரு சால்வையோடு வீட்டுக்கு அனுப்பப்பட்ட ஆசிரியைகள் பலருக்கு இது இன்னும் தெரியாது.

கேஸ் முடியறதுக்குள்ள கட்சிக்காரர் இறந்துட்டா என்ன பண்றது?

இத்துறையில் இது அடிக்கடி நேரும். தொழிலாளி இறந்தார் என்பதால் தாவா அற்றுப்போகாது என்று 1947 ஆம் ஆண்டுச் சட்டத்தில் 1982 ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 10(8) பிரிவு சொல்கிறது. மீள்பணி என்ற கோரிக்கை மட்டும் போய்விடும்; பணிநீக்கம் தவறு என்று முடிவானால் இறந்த நாள் வரையிலான பின்சம்பளமும், பணிக்கொடையும், குடும்ப ஓய்வூதியமும் வாரிசுகளுக்கு உரியவை.

செய்தி வந்ததும் முதலில் அந்த வீட்டுக்குப் போங்கள். காரியம் முடியட்டும் என்று வழக்குப் பேச்சை எடுக்காமல் இருங்கள். பிறகு இறப்புச் சான்று, வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்று, நியமனதாரர் படிவத்தின் நகல் ஆகிய மூன்றையும் வாங்கச் சொல்லி, வாரிசுகளை வழக்கில் சேர்க்க மனுப் போடுங்கள். திருமணத்துக்கு முன் எழுதிக் கொடுத்த படிவத்தில் தாயின் பெயர் மட்டும் இருந்து, மனைவியின் பெயர் இல்லாத நிலை பலமுறை வந்திருக்கிறது. அதனால்தான் இப்போதெல்லாம் வக்காலத்தில் கையெழுத்து வாங்கும் நாளிலேயே, நாமினி யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டு, மாற்ற வேண்டியிருந்தால் மாற்றிவிட்டு, அதன் நகலைக் கேஸ் கட்டின் முதல் தாளாக வைத்துவிடும்படி எங்கள் குமாஸ்தாவிடம் சொல்லியிருக்கிறேன்.